சாவி எங்கே?

நூர்மஹால் தியேட்டர்,
தெங்கேரா, மலாக்கா.
17-1-1957

காஜா பெராங், சேதுராமன் மாவு மில், கமலவேணி அம்மாள் அவர்களுக்கு,

நேரில் வந்து கேட்க வேண்டிய விஷயம் இது. வந்தால் என் வாய் சும்மா இருக்காது என்பதால் தபாலில் எழுதுகிறேன். அரை மைல் தூரத்துக்குத் தபால் தலை ஒட்டுகிறவன் எவ்வளவு கோபத்தில் இருப்பான் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பொங்கலன்று மத்தியானம் பெண்கள் காட்சி. படத்தின் கடைசியில் கதாநாயகி வடிவு ஆஸ்பத்திரியில் புருஷன் காலடியில் விழுந்து உயிரை விடுகிறாள். விளக்கைப் போட்டோம். நான் வழக்கம்போல் கதவருகில் நின்று எத்தனை பேர் கண்ணைத் துடைக்கிறார்கள் என்று பார்த்தேன். ஒரு படம் ஓடுமா ஓடாதா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த வழி அது. ஒருவரும் கண்ணைத் துடைக்கவில்லை. மூன்றாம் வரிசையில் அஞ்சலை என்ற பெண் நாற்காலி மேல் ஏறி நின்று, "சாவி எங்கே?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். பிறகு அரங்கமே கேட்டது.

யாரோ வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டார்கள் என்று நினைத்து டார்ச் லைட் கொண்டுவரச் சொன்னேன். நானே குனிந்து நாற்காலிகளுக்கு அடியில் தேடினேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. வடிவு சாகக் கூடாதாம். பிழைத்து வீடு திரும்பிய புருஷனிடமிருந்து வீட்டுச் சாவிக் கொத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "உக்காருங்க, பசிச்சா சாப்பிடுங்க. ஆனா சாவி இனிமே எங்கிட்டதான் இருக்கும்" என்று சொல்ல வேண்டுமாம். ஆபரேட்டர் நல்லையா சீக்கிரம் வீட்டுக்குப் போவதற்காக அதை வெட்டிவிட்டானாம். மாடியேறிப் போய் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். இரண்டு நாற்காலிகளுக்குக் கால் போயிற்று.

முன்பிருந்த ஆபரேட்டர் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் பாட்டுகளை வெட்டியது உண்டு, மறைக்கவில்லை. நல்லையா அப்படிப்பட்டவன் இல்லை. அந்தப் படத்தில் சாவியே கிடையாது. யார் சொன்னது என்று விசாரித்தால் எல்லோரும் ஒரே பெயரைச் சொல்கிறார்கள்: "கமலவேணி அக்கா மில்லுல சொன்னாங்க."

படம் சிங்கப்பூரிலிருந்து அன்று காலையில்தான் பஸ்ஸில் வந்து இறங்கியது. பார்க்காத படத்துக்கு முடிவு சொன்ன நீங்கள் இனி பார்க்க வேண்டியதும் இல்லை. இன்றிலிருந்து நூர்மஹாலில் உங்களுக்குச் சீட்டு கிடையாது. கவுண்டரில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
அ. அலி அக்பர்,
மானேஜர்.


காஜா பெராங்,
20-1-1957

மானேஜர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரர் மில் பெல்ட்டை நிறுத்திவிட்டு உரக்கப் படித்தார். சாவி தேடி நீங்கள் தவழ்ந்த இடத்தில் அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. கடைசி வரியை முதலிலேயே பார்த்துவிட்டேன்.

நான் பொய் சொன்னதாக நினைக்கிறீர்கள். நடந்ததைச் சொல்கிறேன். ஜாலான் பெண்டஹாராவில் கலியாணசுந்தரம் கடைக்குப் படம் வருவதற்கு ஒரு வாரம் முன்பே பாட்டுப் புஸ்தகம் வந்துவிடும். அதில் பாட்டோடு கதையும் இருக்கும், ஆனால் முழுக் கதை இருக்காது. வடிவு ஆஸ்பத்திரித் திரைச்சீலையை விலக்குகிறாள், கட்டிலில் கண் தெரியாமல் கிடப்பவன் தன் புருஷன் என்று கண்டுகொள்கிறாள், அவ்வளவுதான். கீழே, "மீதியை வெள்ளித்திரையில் காண்க." உங்களைப் போன்றவர்கள் சீட்டு விற்பதற்காகச் செய்கிற வேலை அது.

எங்கள் மில்லில் அரிசியும் மிளகாயும் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையில் நிற்பார்கள். நான் புஸ்தகத்தைப் பார்த்துக் கதை சொல்வேன். மிஷின் சத்தத்தைத் தாண்டிச் சொல்லிச் சொல்லி என் குரல் இப்படி ஆகிவிட்டது. திரைச்சீலை வரைக்கும் சொல்லிவிட்டேன். அஞ்சலையின் மாவு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. "அப்புறம்?" என்கிறாள். அடுத்த வாரம் வெள்ளித்திரையில் பார் என்று அவளிடம் நான் எப்படிச் சொல்வது? வடிவு நெல் குத்திப் பிள்ளையை வளர்த்தவள். தன்னைப் புருஷன் துரத்திவிட்ட வீட்டுக்கு அவனோடு திரும்பிப் போனால் அவள் என்ன கேட்பாள்? சாவியைத்தான் கேட்பாள். வேறு எப்படியும் முடிய வழியில்லை என்று நான் மனசாரவே நினைத்தேன்.

இன்னொன்றும் கேளுங்கள். மூன்றாம் வரிசையில் அஞ்சலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்தான். சாவி வரும் வரும் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அவள் செத்துப்போனாள். ஒருவரும் அழவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் என் முந்தானையைப் பார்க்கவில்லை.

நல்லையா அண்ணனிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். நாற்காலிகளுக்கு எங்கள் வீட்டுக்காரர் கால் போட்டுத் தருவார். சீட்டை மட்டும் நிறுத்தாதீர்கள். நான் நகை கேட்கிறவள் இல்லை, புடவை கேட்கிறவள் இல்லை. மாதத்துக்கு இரண்டு படம். அதுதான் எனக்கு இருக்கிறது.

கமலவேணி


நூர்மஹால்,
2-2-1957

கமலவேணி அம்மாளுக்கு,

சேதுராமன் வந்து நாற்காலிகளைச் செப்பனிட்டுக் கொடுத்தார். நல்ல மனிதர். டீ கொடுத்தேன். உங்களைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

உங்கள் கடிதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நீங்கள் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளவில்லை. முடிவு என்பது படம் எடுத்தவனுடையது. அவன் அந்தச் சாவுக்காகத்தான் முதல் ரீலிலிருந்து கட்டிக்கொண்டு வருகிறான். நீங்கள் நடுவில் புகுந்து கதாநாயகியைப் பிழைக்க வைத்தால் அவன் பட்ட பாடு எல்லாம் வீண்.

சோக முடிவு உங்களுக்குப் பிடிக்காது என்று தெரிகிறது. எனக்கு அதைப் பற்றிச் சொல்ல ஒன்று இருக்கிறது. ஊரை விட்டுக் கப்பலேறி வந்து நான் இங்கே ஒரு கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிறவனாக இருந்தேன். நாகூரில் இருந்த என் அம்மாவுக்குக் கோபத்தில் கடுதாசி போடுவதையே விட்டிருந்தேன். அப்போது ஒரு படம் வந்தது. மகன் திரும்பி வருகிற அன்று தாய் செத்துப்போகிறாள். தினம் தினம் வாசலில் நின்றபடியே அதைப் பார்த்தேன். கடைசி நாள் பார்த்துவிட்டு அப்படியே தபால் ஆபீஸுக்குப் போனேன். அடுத்த வருஷம் ஊருக்குப் போய் அம்மா கையால் சோறு சாப்பிட்டேன். அந்தத் தாயைப் படத்தில் பிழைக்க வைத்திருந்தால் நான் சும்மா கைதட்டிவிட்டுப் படுத்திருப்பேன்.

ஆகவே ஒன்று செய்யுங்கள். மில்லில் எல்லோர் முன்னாலும், "சாவி நான் கட்டிவிட்ட பொய்" என்று சொல்லிவிடுங்கள். மறுநாளே உங்களுக்குச் சீட்டு உண்டு.

அலி அக்பர்


காஜா பெராங்,
25-2-1957

மானேஜர் அவர்களுக்கு,

உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்தபின் உடனே பதில் எழுத முடியவில்லை. அந்தப் படத்து முடிவை நான் மில்லில் சொல்ல நேர்ந்தாலும் மாற்ற மாட்டேன். உங்களுக்காக அந்த ஒரு சாவை விட்டுக்கொடுக்கிறேன்.

வடிவை விட்டுக்கொடுக்க மாட்டேன். "பொய்" என்ற வார்த்தை என் வாயிலிருந்து வராது. பொய் என்பது நம்பாமல் சொல்வது. நான் நம்பிச் சொன்னேன்.

படம் என்றால் எனக்கு என்ன என்று உங்களுக்குத் தெரியட்டும். நான் பிறந்தது ஜாசின் பக்கம் ஒரு எஸ்டேட்டில். மாதம் ஒருமுறை வேனில் வந்து திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். முன்பக்கம் ஆண்கள். நாங்கள் துணிக்குப் பின்பக்கம். எழுத்தெல்லாம் இடம்வலம் மாறித் தெரியும், எல்லோரும் இடக்கையால் சாப்பிடுவார்கள், வீரன் இடக்கையால் வாள் வீசுவான். கல்யாணமாகி மலாக்காவுக்கு வந்து நூர்மஹாலில் உட்கார்ந்த அன்றுதான் முதல்முதலாகப் படத்தை நேர்ப்பக்கம் பார்த்தேன். எல்லோரும் வலக்கையால் சாப்பிட்டார்கள். நான் பக்கத்தில் இருந்தவரிடம், "இது சரியா ஓடுதா?" என்று கேட்டேன். அந்தக் கொட்டகையிலிருந்துதான் என்னை வெளியே நிறுத்தியிருக்கிறீர்கள்.

இப்போது என்ன செய்கிறேன் தெரியுமா? தெங்கேராவுக்கு மிளகாய்த் தூள் கொடுக்கப் போகிற சாக்கில் உங்கள் பக்கவாட்டுச் சுவரோரம் நிற்கிறேன். மேலே காற்றுக்கு விட்டிருக்கிற ஓட்டை வழியாக வசனம் கேட்கும். யார் பேசுகிறார்கள் என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்கிறேன். சண்டைக் காட்சி வந்தால் ஒன்றும் புரிவதில்லை. என் வீட்டுக்காரரை அனுப்பிப் பார்த்தேன். மூன்று மணி நேரம் படம் பார்த்துவிட்டு வந்து, "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அப்புறம் என்று கேட்டேன். "பாட்டு இருந்துச்சு" என்றார்.

செட்டிக் கம்பத்துச் சுந்தரி பீபிக் வேறு, நான் எப்போது படத்துக்கு வருவேன் என்று தினமும் வந்து கேட்கிறார். உங்களுக்கு அவரைத் தெரியும், எல்லோரும் அத்தை முறையில் பீபிக் என்று கூப்பிடுகிறவர், கெபாயா சட்டை போட்டு முன்வரிசையில் உட்காருவார். தலைமுறை தலைமுறையாக மலாயே பேசுகிற அந்த ஜனங்களுக்குத் தமிழ் தெரியாது, தமிழ்ப் படம் என்றால் உயிர். இடைவேளையில் நான் மலாயில் சொல்லித்தான் கதை புரியும். நான் இல்லாமல் போன வாரம் படம் பார்த்துவிட்டு, வில்லனைக் கதாநாயகியின் அண்ணன் என்று நினைத்து அவனுக்காக அழுதிருக்கிறார்.

போன வருஷம் பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரத் தேதியை அறிவித்தபோது நானும் கூட்டத்தில் நின்றேன். ஆகஸ்டில் வெள்ளைக்காரன் ஒரு நாட்டையே எழுந்து கொடுக்கிறான். நீங்கள் ஒரு நாற்காலியைக் கொடுக்க யோசிக்கிறீர்கள்.

கமலவேணி


நூர்மஹால்,
9-4-1957

கமலவேணி அம்மாளுக்கு,

நேற்று என் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது.

சாப்பிடும்போது என் மனைவி ஆயிஷா, "நாளை மறுநாள் வரப்போற படத்துல தம்பி ஜெயில்லேருந்து வந்ததும் மொதல்ல அண்ணி வீட்டுக்குத்தானே போறான்?" என்றாள். அந்தப் படத்தை நான்கூட இன்னும் பார்க்கவில்லை. எப்படித் தெரியும் என்றேன். ரசத்தைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள். சமையலறையில் போய்ப் பார்த்தால் டின் நிறைய மிளகாய்த் தூள். இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு ஒரு வருஷத்துக்குப் போதும். என் வீட்டிலிருந்தே ஆள் உங்கள் மில்லுக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது.

ஆயிஷா எந்த நாவலை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பாள். யாராவது செத்தால் புத்தகத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவாள். இத்தனை வருஷம் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். நேற்று அவள் என்னைக் கேட்டாள்: "நீங்க ஒரு படத்தைப் பார்த்து அம்மாவுக்குக் கடுதாசி போட்டீங்க. நல்லது. அந்தப் பொம்பளை மில்லுல சாவின்னு சொன்ன அன்னிக்குத்தான் நான் உங்க மேசை டிராயர் சாவியைக் கேட்டேன். ஞாபகம் இருக்கா?" ஞாபகம் இருக்கிறது. கொடுத்தேனா என்று கேட்காதீர்கள்.

ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றுவது எனக்குச் சுலபமில்லை. கவுண்டரில் கூட்டத்துக்கு நடுவே சொன்னது. நாளைக்கு மாற்றினால், மாவு மில்லுக்குப் பயந்த மானேஜர் என்பார்கள். கொஞ்ச நாள் போகட்டும்.

அலி அக்பர்


காஜா பெராங்,
3-5-1957

மானேஜர் அவர்களுக்கு,

கொஞ்ச நாள் போகட்டும் என்றீர்கள். போய்விட்டது.

நான் மில்லில் கதை சொல்வதை நிறுத்திவிட்டேன். உங்களுக்குப் பயந்து இல்லை. பாட்டுப் புஸ்தகம் மட்டும் வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. புஸ்தகத்தில் "தாய் கதறுகிறாள்" என்று இருக்கும். எப்படிக் கதறுகிறாள், தூணைப் பிடித்துக்கொண்டா, தரையில் உட்கார்ந்தா, அதைப் பார்த்தால்தான் எனக்கு அடுத்தது வரும். நான் முடிவை மாற்றுகிறவள்தான். ஆனால் மாற்றுவதற்கு எனக்கு எதிரே ஒரு படம் வேண்டும். அது இல்லாமல் நான் வெறும் சத்தம்.

பெண்கள் வருகிறார்கள், அரைத்துக்கொண்டு போகிறார்கள். மில்லில் மிஷின் சத்தம் மட்டும்தான். என் வீட்டுக்காரர் நேற்று மிஷினை நிறுத்திவிட்டு, "ஏதாவது சொல்லேன் கமலா" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் கதை கேட்பார் என்றே எனக்குத் தெரியாது. சொல்ல முடியவில்லை. அழுதுவிட்டேன்.

ஆயிஷா அக்காவுக்கு டிராயர் சாவியைக் கொடுத்துவிடுங்கள்.

கமலவேணி


நூர்மஹால்,
31-8-1957, பகல்

தங்கச்சி கமலவேணிக்கு,

ரிக்‌ஷாக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்த கையோடு அதே வண்டியில் ஏறிவிடுங்கள்.

மெர்டேக்கா சுதந்திரத் திருநாளுக்காகச் சிங்கப்பூரிலிருந்து புதுப் படம் வரவழைத்தேன். பெண்கள் காட்சிக்குச் சீட்டு எல்லாம் போய்விட்டது. வாசலில் தோரணம், ரோட்டில் வாத்தியம், எல்லோரும் புதுத் துணியில் நிற்கிறார்கள். இப்போதுதான் நல்லையா கடைசி டப்பாவைத் திறந்தான். மேலே நம் படத்தின் பெயர் எழுதியிருக்கிறது, உள்ளே வேறு ஏதோ மலாய்ப் படத்து ரீல். நம் ரீல் மூவார் தியேட்டரில் இருக்கிறது. போன் செய்துவிட்டேன். மூவாரில் ஆற்றைக் கடக்கிற பெர்ரிப் படகில் திருநாள் கூட்டம், நாளைக் காலைக்கு முன் வராது என்கிறார்கள்.

படம் நிற்கிற இடத்தைக் கேளுங்கள். பாடகி தங்கம் கோயில் நகையைத் திருடியதாகக் கோர்ட்டில் நிற்கிறாள். நீதிபதி, "கடைசியாக நீ சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா?" என்று கேட்கிறார். அவள் நிமிர்ந்து பார்த்து வாயைத் திறக்கிறாள். அங்கே ரீல் முடிகிறது.

சாவி இல்லாததற்கே நல்லையாவின் சட்டை கிழிந்தது. இன்றைக்குக் கதாநாயகியின் வாயே இல்லை. காட்சியை நிறுத்தினால் இத்தனை பேரையும் திருநாளன்று அழவிட்டு அனுப்ப வேண்டும். எனக்கு வேறு யாரையும் தெரியவில்லை. முடிவைச் சொல்ல வாருங்கள். உங்கள் முடிவு எதுவானாலும் சரி.

அலி அக்பர்


(அதே தாளின் பின்பக்கம்)

வருகிறேன். மூன்று விஷயம்.

ஓசியில் உள்ளே வர மாட்டேன். கவுண்டரில், அன்றைக்குப் போலவே கூட்டத்துக்கு நடுவே, நீங்களே என் பெயரைச் சொல்லிச் சீட்டுக் கொடுக்க வேண்டும்.

முதல் ரீலிலிருந்து பார்ப்பேன். தங்கம் யார் என்று தெரியாமல் அவளுக்காகப் பேச என்னால் முடியாது.

மைக் வேண்டாம்.

கமலவேணி


நூர்மஹால்,
3-9-1957

தங்கச்சி கமலவேணிக்கு,

சனிக்கிழமையன்று உங்களிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. காட்சி முடிந்ததும் பெண்கள் உங்களைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கே கொண்டுபோய்விட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் திரைக்கு முன்னால் நின்றீர்கள், நான் கதவருகில் நின்றேன். நான் பார்த்ததை நீங்கள் பார்த்திருக்க முடியாது.

படம் நின்று வெள்ளைத் துணி மட்டும் தெரிந்தபோது ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நீங்கள் முன்வரிசையிலிருந்து எழுந்து படிகளில் ஏறித் திரும்பினீர்கள். ரீல் வராத விஷயத்தை நான்தான் அறிவிக்க வேண்டியிருந்தது, ஆனால் தேவைப்படவில்லை. அஞ்சலை, "கமலவேணி அக்கா, சும்மா இருங்க எல்லாரும்" என்றாள். சும்மா இருந்தார்கள். நீதிபதி கேட்ட கேள்வியை நீங்கள் ஒருமுறை கேட்டீர்கள், அவருடைய குரலிலேயே. பிறகு கையைக் கூண்டுக் கம்பியில் வைக்கிற மாதிரி வைத்துக்கொண்டீர்கள். சொன்னதை ஆயிஷா மனப்பாடமாக வைத்திருக்கிறாள், அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்:

"உண்டுங்கய்யா. எங்கண்ணன் என் குரலை வித்தாரு. ஜமீன்தார் வாங்குனாரு. வக்கீலுங்க ரெண்டு பேரும் அதுக்காகச் சண்டை போட்டாங்க. இத்தனை பேரும் என்னைப் பத்திப் பேசி முடிச்சிட்டாங்க. ஒருத்தரும் என்னைக் கேக்கலை. இப்பத்தான் நீங்க கேட்டீங்க. நகையை நான் எடுக்கலை. இனிமே நான் பாடுறதா வேணாமா, எங்க பாடுறது, யாருக்குப் பாடுறது, அதை நான் சொல்லுவேன்."

உங்கள் வீட்டு மிஷின் பத்து ஓடினாலும் கேட்டிருக்கும். முன்வரிசையில் சுந்தரி பீபிக் என்னவோ கேட்டார். நீங்கள் அவர் பக்கம் திரும்பி, முழுவதையும் மலாயில் மறுபடி சொன்னீர்கள். தமிழில் கேட்டவர்களே இரண்டாம் தடவையும் கேட்டார்கள். முடித்ததும் பின்வரிசையிலிருந்து யாரோ ஒரு பெண் "மெர்டேக்கா" என்றாள், சாதாரணமாகத்தான் சொன்னாள், தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. அப்புறம் கூரை பறந்தது.

நான் கண்களை எண்ணவில்லை. என் கண்ணே சரியாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரீல் வந்துவிட்டது. நானும் நல்லையாவும் காலி அரங்கில் போட்டுப் பார்த்தோம். நீதிபதி கேட்கிறார், தங்கம் வாயைத் திறக்கிறாள். கதவு திறக்கிறது, கதாநாயகன் உண்மைத் திருடனோடு உள்ளே வந்து நீளமாகப் பேசுகிறான். தங்கம் கடைசி ரீல் முழுவதிலும் ஒரே ஒரு வார்த்தைதான் பேசுகிறாள். "அத்தான்." நல்லையா என்னைத் திரும்பிப் பார்த்து, "இதுக்கா பெர்ரியில வந்துச்சு?" என்றான்.

அன்று மத்தியானக் காட்சியில் அந்த ரீலைத்தான் போட்டேன். முடிவு படம் எடுத்தவனுடையது என்ற கொள்கையை நான் இன்னும் விடவில்லை. விளக்குப் போட்டோம். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முதல் நாள் பார்த்த பாதிப் பேர் மறுபடி வந்திருந்தார்கள். அஞ்சலை, நாற்காலி மேல் ஏறாமல், மரியாதையாகவே சொன்னாள்: "ரீலைப் பாத்துட்டோம் அலி அக்பர் நானா. இப்ப அக்காவைக் கூப்பிடுங்க." சுந்தரி பீபிக் இருந்த இடத்தைவிட்டு அசையாமல், "பெலும் ஹாபிஸ்" என்றார். இன்னும் முடியவில்லையாம்.

ஆகவே இப்படி முடிவு செய்திருக்கிறேன். நம் நூர்மஹாலில் இனி ஞாயிற்றுக்கிழமைப் பெண்கள் காட்சியில் படம் எடுத்தவனின் முடிவு முதலில், உங்களுடைய முடிவு அதற்கப்புறம். விளம்பரப் பலகையில் உங்கள் பெயரை எழுதச் சொல்லிவிட்டேன். பெயிண்டர் என் பெயரைவிடப் பெரியதாக எழுதிவிட்டான். மாற்றச் சொல்லவில்லை.

இந்த உறையில் துணியில் சுற்றி ஒன்று வைத்திருக்கிறேன். பெண்கள் பக்கத்துக் கதவின் சாவி. வேறு சாவி கிடையாது, அந்தக் கதவுக்கு ஒன்றுதான். ஜனவரியில் கேட்டீர்கள். தேடி எடுக்க இத்தனை நாளாயிற்று.

டிராயர் சாவி ஆயிஷாவிடம் இருக்கிறது.

உங்கள்,
அலி அக்பர் நானா


காஜா பெராங்,
5-9-1957

நானாவுக்கு,

சாவி வந்து சேர்ந்தது. உறையைப் பிரித்தபோது மில்லில் நல்ல கூட்டம். அஞ்சலை அதை வாங்கித் தூக்கிக் காட்டினாள். ஒவ்வொருவரும் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தார்கள். என்னிடம் திரும்பி வரும்போது சாவியெல்லாம் மிளகாய்த் தூள். என் வீட்டுக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, "இடுப்புல செருகிப் பாரு" என்றார். செருகிக்கொண்டேன். இன்னும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை சீட்டு வாங்கிக்கொண்டு போய் அந்தக் கடைசி ரீலைப் பார்த்தேன், உங்களுக்குத் தெரியாமல். தங்கம் "அத்தான்" என்று சொல்கிற இடத்தில் அந்த நடிகையின் முகத்தைப் பாருங்கள். அவளுக்கும் பேச நிறைய இருந்திருக்கிறது. அவள் வாயைத் திறந்தது அந்த ஒரு வார்த்தைக்காக இல்லை. நான் சொன்னது அவள் சொல்ல நினைத்ததைத்தான் என்று இப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பு பொங்கல் படத்தை மறுபடி தருவிக்க முடியுமா என்று சிங்கப்பூருக்கு எழுதிக் கேளுங்கள். வடிவுக்கு ஒரு பாக்கி இருக்கிறது. படம் எடுத்தவரின் விருப்பப்படி அவள் சாகட்டும், அழுகிறவர்கள் அழட்டும், நானும் அழுவேன். அப்புறம் நான் படியேறி அவளை எழுப்பிக்கொள்கிறேன்.

காட்சிக்கு அரை மணி முன்பே கதவை நான் திறந்துவைப்பேன். ஆயிஷா அக்காவை முன்வரிசைக்கு அனுப்புங்கள். நீங்கள் வருவதானால், பெண்கள் காட்சி என்பதால், கதவருகில் நிற்கலாம். சீட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

தங்கச்சி,
கமலவேணி